ஐந்தாம் மாடி அடைப்பு

எங்கள் கட்டடத்தின் பின்படிக்கட்டில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், இரண்டு இரும்புக் கதவுகள் போட்டுப் பூட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட வேண்டாம்.

என் பெயர் வானமாமலை. தாராவியில் ஏழு மாடி முத்தாரம்மன் ஹவுசிங் சொசைட்டிக்கு ஆறு வருஷமாக செக்ரட்டரி. செக்ரட்டரிக்குச் சம்பளம் கிடையாது, வசவு உண்டு. பிழைப்பு குர்லாவில் ஒரு வெல்டிங் பட்டறை. கிரில், கேட், ஷட்டர். நான் அடித்த கதவை இதுவரை எந்தத் திருடனும் பெயர்த்ததில்லை என்று சொல்லித்தான் ஆர்டர் பிடிப்பேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாரிக்கண்ணன் செத்துப்போனார். ஐந்தாம் மாடிக்காரர், எங்கள் பக்கத்து ஊர். லிஃப்ட் ஓடாமல் அன்றைக்குப் பதினெட்டாவது நாள். பழுது பார்க்கிறவனிடம் நான் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்துப் பின்படியில் ஏறின மனுஷன், நாலாம் மாடி தாண்டின திருப்பத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்தார்கள். அவிட்டம்.

அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் போன இடத்தைப் பூட்டிவிட்டு, அந்தியில் விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும். கெடு முடிவதற்குள், விளக்கேற்ற அல்லாமல் ஆள் நடக்கத் திறந்தால் இன்னொரு உயிர் கேட்கும் என்பார்கள். போதாக்குறைக்குச் சனிக்கிழமை வேறு. சனிப்பிணம் தனிப்போகாது என்று பாடையில் கோழிக்குஞ்சு கட்டித்தான் அனுப்பினோம். செத்தது வீட்டுக்குள் என்றால் ஒரு அறையைப் பூட்டலாம். அவர் செத்தது எல்லாரும் ஏறி இறங்குகிற படியில்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி மாரிசெல்வி பட்டறைக்கே வந்தாள்.

"அந்தத் திருப்பத்த அடச்சுத் தரணும் அண்ணாச்சி. எனக்குன்னு இருக்கது கீதா ஒருத்திதான்" என்றாள்.

கீதா அவள் மகள், தாணேயில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். லிஃப்ட்டைப் பற்றி மாரிசெல்வி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு அனுப்பியிருப்பேன். சொல்லாததால் அன்றைக்கே ஆங்கிள் இரும்பு வெட்டினேன். திருப்பத்துக்குக் கீழே ஒரு கதவு, மேலே ஒரு கதவு, இரண்டுக்கும் ஒரே சாவி. பூட்டை வெட்ட முடியாதபடி தகட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். சாவியில் ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம்.

சொசைட்டி மீட்டிங்கில் ஆறாம் மாடி பைசான் மட்டும் இந்தியில் கேட்டான், நாளைக்கு ஏதாவது ஆனால் மேலே இருக்கிறவர்கள் எப்படி இறங்குவது என்று. முன்படி இருக்கிறதே என்றேன். மற்றவர்கள் எல்லாம் நம் சீமைக்காரர்கள், தலையை ஆட்டினார்கள். பைசானும் நானும் ஒரே மாடி. அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜூலை வந்தது. நாங்கள் வருஷா வருஷம் தீயணைப்புக் கட்டணம் கட்டுகிறோம். அதுபோக ஜனவரியிலும் ஜூலையிலும் லைசென்ஸ் உள்ள ஏஜென்சி ஆள் வந்து, பம்பு, குழாய், அலாரம், படிக்கட்டு எல்லாம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று 'பி' ஃபாரம் தர வேண்டும். அதைத் தீயணைப்பு ஆபீசில் சேர்க்காவிட்டால் நோட்டீஸ் வரும். நோட்டீசையும் மதிக்காவிட்டால் தண்ணீரையும் கரண்டையும் வெட்டுவார்கள்.

எங்களுக்கு வருகிற ஏஜென்சி ஆள் சுரேந்திரன், நெருள் ஏரியாக்காரன். சொசைட்டி ஆபீசில் உட்கார்ந்து இரண்டு வடாபாவ், அரை கிளாஸ் கட்டிங் சாயா, கையெழுத்து. இதுதான் வழக்கமான சோதனை. இந்தத் தடவை ஏறிப் பார்க்கிறேன் என்றான். அவன் கூட்டாளி ஒருவன் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஏதோ ஒரு கட்டடத்தில் தீப்பிடித்து, கூட்டாளி இப்போது வக்கீல் வீட்டுக்கு நடக்கிறானாம்.

நாலாம் மாடியில் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தான். "இதுல ஒண்ணுமே இல்ல செக்ரட்டரி சாப். வெறும் இரும்பு" என்றான். அடுத்து கதவைப் பார்த்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் மாரிக்கண்ணன் படமும் எண்ணெய் விளக்கும் இருந்தன.

"இது என்ன, கோயிலா?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவன் வீட்டிலும் இதெல்லாம் உண்டு போலிருக்கிறது, சிரிக்கவில்லை.

"எனக்குப் புரியுது. ஆனா இது ஃபயர் எக்ஸிட். கதவ எடுத்துட்டு போட்டோ அனுப்புங்க, சைன் பண்றேன். எடுக்கலேன்னா என்னால முடியாது."

அன்று சாயங்காலம் மாரிசெல்வி வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தாள். அங்கே பாகீரதி மாமி வீட்டில் சமையல் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அவள் பேசுவதற்கு முன்னால் கீதா பேசினாள்.

"எடுத்துருங்க மாமா. நானும் தெனம் சொல்லுதேன், கேட்க மாட்டேங்கா."

"நீ சும்மா கெட" என்றாள் மாரிசெல்வி. பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் பன்னெண்டு நாளு அண்ணாச்சி. ஆறு மாசம் பொறுத்தாச்சு. இந்தப் பன்னெண்டு நாள்ல என்ன தீப்பிடிச்சிரப் போவுது? தொறந்து இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்ட போய்க் கேக்க?"

அரிசி டின்னுக்கு மேலே மாரிக்கண்ணன் இன்னொரு படத்தில் இருந்தார். எழுந்து வெளியே வந்தேன்.

இறங்கிப்போய்ப் பின்படியின் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றேன். எங்கள் கட்டடத்தில் எல்லாத் திருப்பமும் ஒரே அச்சு. அதே மஞ்சள் சுண்ணாம்பு, அதே பான் கறை, அதே உடைந்த டைல். போனை எடுத்தேன். படம் பிடித்தேன். நாலாம் மாடி என்று எழுதி சுரேந்திரனுக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் பதிலாக வந்தது. மறுநாள் ஃபாரம் வந்தது, நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வரிசையில் நிற்கும்போது, பரவாயில்லையே, எல்லாரையும் சமாளித்துவிட்டோமே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் விடியற்காலையிலிருந்து பேய்மழை. தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயில்கள் நின்றன. நான் ஸ்கூட்டரில் பட்டறைக்குப் போய்விட்டேன். மூன்றரை மணி இருக்கும், என் மனைவி இசக்கி போன் பண்ணினாள்.

"ஏங்க, மீட்டர் ரூம்ல தீயாம். முன்படி பூரா கறுப்பா புகை ஏறுது. கண்ணத் தொறக்க முடியல."

எங்கள் மீட்டர் அறை முன்படிக்கு நேர் கீழே. மழை பெய்தால் கூரை ஒழுகும். அதற்கும் நான் ஒருத்தனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"மொட்டை மாடிக்குப் போ" என்றேன்.

"மொட்டை மாடிக்கும் முன்படி வழிதானே போவணும்? நாங்க எல்லாரும் பின்படிக்கு வந்துட்டோம். அஞ்சாம் மாடிக் கதவுகிட்ட நிக்கோம். சாவி எங்க?"

சாவி என் இடுப்பில், ஸ்கூட்டர் சாவியோடு சேர்ந்து, குர்லாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா வாரேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வண்டியைக் கிளப்பிக்கொண்டே மாரிசெல்வியைக் கூப்பிட்டேன். மாட்டுங்கா குர்லாவைவிடப் பக்கம்.

"சாவி எங்கம்மா?"

"இடுப்புல இருக்கு. ஏன் அண்ணாச்சி?"

சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"கீதா இன்னைக்கு வேலைக்குப் போவல" என்றாள். "வீட்டுலதான் இருக்கா." போன் கட்டாகிவிட்டது.

ஓடிவருகிறாளா, உட்கார்ந்துவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. சயான் வரை தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. ஒரு பஸ் குறுக்கே படுத்த மாதிரி நின்றுவிட்டது. ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்தது. இசக்கிக்கு முழங்கால் வாதம். நாலு படி இறங்கவே சுவரைப் பிடிப்பாள். அவள் என் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். வெட்ட முடியாத பூட்டு, பெயர்க்க முடியாத கீல். ஏழு மாடிக்கும் செல்லும் என்று ஃபாரம் வாங்கி ஆபீசில் வைத்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று படிக்கிற வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், கேட்டேனா?

தொண்ணூறடி ரோட்டில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டடத்தின் முன்பக்கம் புகை சுருள் சுருளாக வந்தது. கீழ் நாலு மாடிக்காரர்கள் தெருவில் நனைந்துகொண்டு நின்றார்கள். தீயணைப்பு வண்டி சத்தம் எங்கேயோ கேட்டது, வண்டி வரவில்லை. யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். பின்படியில் ஏறினேன்.

நாலாம் மாடியில் மாரிசெல்வி எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். சேலை முழங்கால்வரை சேறு. கையில் சாவி. கீழ்க் கதவுக்கு முன்னால் நிற்கிறாள், சாவியைப் பூட்டில் போடவில்லை. சுற்றி மூன்று ஆண்கள் நின்று கத்துகிறார்கள். பூட்டுப் பெட்டியைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்ததில், கடப்பாரைதான் வளைந்திருந்தது. ஒருத்தன் அவள் கையைப் பிடிக்கப் போனான். சாவியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

மேலே, இரண்டாவது கதவுக்குப் பின்னால், கம்பிக்குக் கம்பி விரல்கள். புகையில் முகம் சரியாகத் தெரியவில்லை. குழந்தைகள் இருமுகிற சத்தம். "அம்மா" என்று கீதா கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

நான் என் சாவியை எடுத்தேன்.

"நீங்க தொடாதிய அண்ணாச்சி" என்றாள் மாரிசெல்வி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பிக்கு அப்பால் இருந்த படத்திடம் பேசினாள், வீட்டில் சோறு போட்டுவிட்டுப் பேசுகிற குரலில். "நல்லாக் கேட்டுக்கிடுங்க. தொறக்கது நான். கீதா இல்ல, அண்ணாச்சியும் இல்ல. ஆளு வேணும்னா என்னயக் கூட்டிக்கிடுங்க. அவ பக்கம் திரும்பப்பிடாது."

பத்து விநாடி இருக்குமா? அந்தப் பத்து விநாடியில் அவளைத் தள்ளிவிட்டுத் திறந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பைசான் பிறகு கேட்டான். எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

சாவி திரும்பியது. கீழ்க் கதவு திறந்தது. அவள் விளக்கைத் தாண்டவில்லை. குனிந்து விளக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மேலே ஓடினாள். இரண்டாவது பூட்டில் சாவியைப் போட்டாள். அது அசையவில்லை. ஆறு மாதமாக விளக்கேற்றக் கீழ்க் கதவை மட்டுமே திறந்திருக்கிறாள். மேல் பூட்டுக்குள் ஒரு மழைக்கால ஈரம் இறங்கித் துரு பிடித்திருந்தது. என் சாவியையும் போட்டுப் பார்த்தேன். பாதி திரும்பி, முறுகி, உள்ளேயே உடைந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் இசக்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பூட்டை என்னால் உடைக்க முடியாது. ஆனால் வெல்டிங் எங்கே பலவீனம் என்று அடித்தவனுக்குத் தெரியும். இந்தக் கதவின் மேல் கீலை வைக்கும்போது வெல்டிங் ராடு தீர்ந்துபோய், இரண்டு பொட்டு மட்டும் பற்றவைத்துவிட்டு, நாளைக்கு முடிக்கலாம் என்று விட்டிருந்தேன். அந்த நாளை வரவே இல்லை. வாழ்க்கையில் நான் செய்த சோம்பேறித்தனங்களில் அது ஒன்றுக்குத்தான் கும்பிடு போடுகிறேன்.

"சுத்தியல் இருக்கா?" என்று கத்தினேன். யாரிடமும் இல்லை, கடப்பாரையோ வளைந்து கிடந்தது. கீழே ஓடிப்போய் அந்தச் சிவப்பு சிலிண்டரைச் சுவரிலிருந்து பிய்த்தேன். வெறும் இரும்பு என்றானே சுரேந்திரன், வெறும் இரும்புதான் வேண்டியிருந்தது. கீலில் ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் ஒரு பொட்டு விட்டது. ஏழாவதோ எட்டாவதோ அடியில் இன்னொன்றும் விட்டது. அந்தப் பக்கமிருந்து பைசான் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு பூட்டோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு ஆள் நுழையுமளவு இடைவெளி.

குழந்தைகள் முதலில் வந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக முப்பத்தொரு பேர். இசக்கியைப் பைசான் முதுகில் சுமந்து இறக்கினான். கீதா கடைசிக்கு முன்னால் வந்தாள். மாரிசெல்வி அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள், சந்தையில் ஆடு பார்க்கிற மாதிரி, எங்கேயாவது குறை இருக்கிறதா என்று.

வண்டி வந்து, அரை மணியில் தீ அணைந்தது. மூன்று பேருக்கு மூச்சுத் திணறல், சயான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நசீர் என்ற தீயணைப்பு அதிகாரி படியெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கையில் ஒரு அட்டை, அதில் காகிதம். முந்தாநாள்தானே எக்ஸிட் எல்லாம் திறந்திருப்பதாக ஃபாரம் கொடுத்தீர்கள், இந்தக் கதவைப் பூட்டியது யார் என்று இந்தியில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் மாரிசெல்வி முன்னால் வந்தாள்.

"நாந்தான் சாப். மேரா நாம் லிக்கோ, என் பேர எழுதுங்க. மாரிசெல்வி."

அவர் பேனாவை எடுத்தார். நான் அவளை ஓரமாக இழுத்தேன்.

"உனக்கென்ன கிறுக்கா? கேசு போடுவாம்மா."

"குறுக்க பேசாதிய அண்ணாச்சி." அவள் என் கையை உதறினாள். "நாளு முடியுமுன்ன தொறந்தாச்சு. இனி அது யாரையாவது தேடும். எழுத்துல யாரு பேரு இருக்கோ அவங்கதான் செஞ்சதுன்னு ஆவும். என் பேரே இருக்கட்டும். இல்லன்னா அது அவ பக்கம் திரும்பிரும் பாத்துக்கிடுங்க."

கீதா ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவளே கேட்கிறாள். நான் சும்மா இருந்தால் போதும். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்வானேன்? பட்டறை இருக்கிறது, இசக்கிக்கு முழங்கால் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. அதிகாரி எம், ஏ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

லிஃப்ட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறு மாதமாக முன்படியில் என் எதிரே வரும்போது ஒரு நாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

"அதை அடிச்சிடுங்க சார்" என்றேன். "கதவு செஞ்சது நான், என் பட்டறையில. பூட்டு நான் வாங்கினது. ஏஜென்சிக்காரன் எடுக்கச் சொன்னான், வேற மாடியைப் படம் பிடிச்சு அனுப்பினதும் நான்தான். போன்ல இருக்கு, பாருங்க. இந்த அம்மாவுக்கு இதுல சம்பந்தம் இல்லை. பூட்டினதும் நான், உடைச்சுத் திறந்ததும் நான். என் பேரை எழுதுங்க."

இந்தியில் அதைத் திரும்ப ஒரு தடவை சொல்ல வைத்தார். எழுதினதை அடித்தார். வானமாமலை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வா என்றார்.

மாரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் என் முகத்தில் இல்லை, அந்தக் காகிதத்தில் இருந்தன. பின்னாலிருந்து யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்கள். இசக்கி. அவளும் எங்கள் ஊர்தானே, அவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? அழவில்லை. சட்டையை மட்டும் விடவில்லை.

இருட்டினதும் எல்லாரும் பின்படி வழியாக வீடுகளுக்கு ஏறினோம். கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் நாலாம் மாடிவரை வந்தேன். திருப்பத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். மாரிசெல்வி படத்துக்கு முன்னால் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். ஏறுகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, விளக்கைத் தாண்டாமல் போனார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்குப் பட்டது போதாதா? படியில திரும்பவும் விளக்கா?"

"ஒம்பது நாளு இருக்குல்லா அண்ணாச்சி."

"அதான் தொறந்தாச்சே. எழுத்துல உன் பேரும் இல்ல, கீதா பேரும் இல்ல. இனி யாருக்கு விளக்கு?"

அவள் எண்ணெய்க் கையைத் தலையில் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத்தான்" என்றாள்.

நாலாம் மாடியில் யார் வீட்டிலிருந்தோ ஒரு வாளித் தண்ணீர் வாங்கிவந்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறினேன்.